பணமுடைக் காலத்தில் குடும்பச் செலவு

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர்க்குக் கிழக்கேகோட்டையை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த பழைய கோட்டையின் கீழ்வாயில் அது. நகரப் பேருந்துகள் பலவும் வந்து கூடுமிடமும் அதுவே. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்வது சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி இது என்பர். அரிசியும் பருப்பும், மிளகாயும் புளியும், துணியும் பாத்திரமும், பூவும் பொன்னும் அங்கே அடுத்தடுத்து விற்கின்றன. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர்.

ஊரின் பொருள்நிலையை அறியப் புள்ளிவிவர ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் இத்தெருவில் நின்றாலும் ஓரளவு விளங்கிவிடும். இறுக்கமான காலத்திலும் தெருவில் கூட்டம் இருக்கும். ஆனால் பொன் கடையிலும் பாத்திரக் கடையிலும் ஆள் குறையும். பலசரக்குக் கடையில் ஒரு கிலோ கேட்டவர் அரைக் கிலோ கேட்பர். விலையைக் கேட்டுவிட்டு, "பிறகு வருகிறேன்" என்று நகர்வோர் பெருகுவர். இந்தக் காட்சிக்குப் பின்னே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு நடக்கிறது. வரவு சுருங்கும்போது வீடு எதை முதலில் குறைக்கிறது? எதைக் கடைசிவரை காக்கிறது? அந்தக் குறைப்பில் தீங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளாதார மந்தம் என்பது என்ன? ஒரு கடையில் வாணிகம் குறைவது மந்தம் அன்று. உற்பத்தி, வாணிகம், வேலை, கூலி ஆகிய எல்லாம் ஒருசேரச் சுருங்கிச் சில மாதங்களேனும் அந்நிலையிலேயே நிற்பதுதான் மந்தம். நம் நினைவில் பசுமையாக இருப்பது 2020-ஆம் ஆண்டு. பெருந்தொற்றை முன்னிட்டு மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 24 பங்கு குறைந்ததென அரசின் முதல் மதிப்பீடு கூறிற்று. ஜூலை 6-இல் திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லையில் மும்மடங்கு ஊரடங்கு வந்தபோது, எப்போதும் ஆரவாரம் மிகுந்த சாலைத் தெருவும் ஓய்ந்து கிடந்தது.

இத்தகைய இன்னல் இந்நகருக்குப் புதிதன்று. 1929-க்குப் பின் உலகெங்கும் பரவிய பெருமந்தத்தில் தேங்காய், கொப்பரை, மிளகு, ரப்பர் ஆகியவற்றின் விலை வீழ்ந்தது. திருவிதாங்கூர் மக்களிடம் விளைபொருள் இருந்தது, விலை இல்லை. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி முறிந்தபோது, சேமித்து வைத்திருந்தவர்களும் துன்புற்றனர். பின்னர் உலகப் போர் வந்தது. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசி முழுவதையும் தானே விளைவித்துக் கொண்ட நாடு அன்று. நாஞ்சில் நாட்டு நெல் இருந்தும் போதவில்லை. பர்மா அரிசி கடல் வழியே வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி வரவு நின்றது. அந்நாளில் எத்தனையோ அடுப்புகளில் சோற்றுப் பானைக்குப் பதிலாக மரச்சீனிக் கிழங்கு வெந்தது. குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றையோர் மரவள்ளி என்று அறிக. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்த அப்பயிர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் பஞ்சத்திற்குக் காவலாக நின்றது.

காலங்கள் வேறு; காரணங்களும் வேறு. ஆயினும் வீடு இறங்கும் படிகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் காண ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம்.

சாலைத் தெருவில் ஒரு கடையில் பணிபுரியும் ஒருவர். மனைவி, தாய், பள்ளி செல்லும் மக்கள் இருவர். மாத வரவு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கு 10,000, வீட்டு வாடகை 6,000, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசி 2,000, படிப்பும் பேருந்துக் கட்டணமும் 2,500, தாயின் மருந்து 1,000, சீட்டுப் பணம் 1,500, துணிமணி, திருவிழா, பொழுதுபோக்கு 1,000. கணக்குச் சரியாகிவிடுகிறது. இப்போது கடையில் வாணிகம் குறைந்து, சம்பளம் 16,000 ஆகிறது. குறைந்த 8,000 ரூபாய்க்கு வீடு எங்கே போகும்?

முதற்படி, தள்ளிப்போடுதல். புதுத்துணி வேண்டாம், பழைய மின்விசிறியே ஓடட்டும், திருவிழாவிற்கு ஊருக்குப் போவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். இதில் 1,000 மிஞ்சும். சீட்டையும் நிறுத்தினால் 1,500 மிஞ்சும். (சீட்டை முன்னமே எடுத்துவிட்டவர்க்கு அந்த வழியும் இல்லை, அவர் கட்டியே தீர வேண்டும்.)

இரண்டாம் படி, மாற்றிக்கொள்ளுதல். உயர்ந்த அரிசி போய் ரேஷன் அரிசி வரும். நெய்மீன் போய் மத்தி வரும். தேங்காயெண்ணெய் அளந்து ஊற்றப்படும். வெளியிலே குடித்த தேநீர் வீட்டுக்குள் வரும். இரண்டு நிறுத்தம் நடந்து சென்றால் பேருந்துக் காசு மிச்சம். இவ்வாறு உணவில் 2,000, விளக்கு முதலியவற்றில் 300, பயணத்தில் 500 எனக் குறைத்தாலும் மொத்தம் 5,300-தான் ஆகிறது. இன்னும் 2,700 ரூபாய் துண்டு விழுகிறது. வாடகையோ சம்பளத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். முன்பு 24,000-த்தில் உணவுக்கு 10,000 சென்றது. அது நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்கு. இப்போது 16,000-த்தில் 8,000, அதாவது சரிபாதி. உணவுச் செலவு ரூபாயில் குறைந்தது, பங்கிலோ ஏறிற்று. எர்ன்ஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியலார் பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து 1857-இல் வெளியிட்ட விதியும் இதுவே. வறுமை மிகுந்தோறும் வரவில் உணவுக்குச் செல்லும் பங்கு மிகும் என்றார் அவர். இந்தியாவில் 1999-2000-ஆம் ஆண்டில் சிற்றூர்க் குடும்பச் செலவில் உணவின் பங்கு நூற்றுக்கு 59 ஆகவும், நகரத்தில் 48 ஆகவும் இருந்தது. 2022-23-ஆம் ஆண்டு எடுத்த வீட்டு நுகர்வுக் கணக்கில் அவை முறையே 46, 39 ஆகக் குறைந்தன. நாடு சற்றே மேலேறியதற்கு இதுவும் ஒரு சான்று. மந்தம் வந்தால் ஒரு குடும்பம் இந்தப் படிகளில் சில மாதங்களிலேயே கீழிறங்கிவிடுகிறது.

மூன்றாம் படி, கையிருப்பையும் கடனையும் நாடுதல். பலசரக்குக் கடையில் பற்று ஏறும். பின் பொன் பெட்டியைவிட்டு வெளிவரும். நம் வீடுகளில் பொன் அணிகலன் மட்டுமன்று. அது காப்பீடும் ஆகும். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் அடகு நகையின் மதிப்பில் நூற்றுக்கு 75 வரை கடன் தரலாம் என்றிருந்த வரம்பை 2021 மார்ச் இறுதிவரை 90 ஆக உயர்த்திற்று. எத்தனை வீடுகள் அந்தக் கதவைத் தட்டியிருக்கும் என்பதை இதிலிருந்தே உணரலாம். அடகு வைப்பதில் ஒரு நம்பிக்கை உண்டு; விற்றால் போனது போனதுதான், அடகென்றால் மீட்கலாம் அல்லவா? ஆனால் வட்டியை மறத்தலாகாது. 50,000 ரூபாய்க்கு மாதம் ஒரு வட்டியென்றால் ஆண்டுக்கு 6,000. தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினால் 18,000. எங்கே கடன் வாங்குகிறோம் என்பதே நகை திரும்புமா திரும்பாதா என்பதைப் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது.

நான்காம் படி, உழைப்பைப் பெருக்குதல். இல்லத்தரசி தையல் எந்திரத்தின் முன் அமர்வாள். மாலையில் பலகாரம் செய்து விற்பாள். தந்தை இரவிலும் ஒரு வேலை தேடுவார். இதையும் பயன்படுத்திய பின்னரும் கணக்குத் துண்டு விழுந்தால்தான் ஐந்தாம் படி வரும். மருந்து, படிப்பு, பால், முட்டை ஆகிய உயிர்நிலைச் செலவுகளில் கைவைக்க நேரும்.

வரவு குறைந்த அன்றே செலவைக் குறைத்துவிட்டால் கடன் வராதே, குடும்பங்கள் ஏன் அவ்வாறு செய்வதில்லை என்று சிலர் கேட்கலாம். அறிஞர் இருவர் இதற்கு விடை கூறியுள்ளனர். மனிதன் தான் முன்பு எட்டிய உயர்ந்த வாழ்க்கை நிலையை எளிதில் விடமாட்டான். சேமிப்பைக் கரைத்தேனும் அதில் நிற்க முயல்வான் என்றார் டியூசன்பெரி (1949). மில்டன் ஃபிரீட்மன் (1957) வேறு கோணத்தில் நோக்கினார். மக்கள் இம்மாத வரவைப் பார்த்துச் செலவிடுவதில்லை. நெடுங்கால வரவை மனத்தில் கொண்டே செலவிடுகின்றனர். இந்த இறக்கம் சிறிது காலத்ததே என்று நம்பினால், கடன் வாங்கியேனும் பழைய நிலையைக் காப்பர் என்றார். இரண்டிலும் உண்மை உண்டு. 'அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்னும் நம்பிக்கை நல்லதே. ஆனால் அந்நம்பிக்கையிலேயே ஆறு மாதம் கழிந்துவிட்டால், குறைக்க எளிதானவற்றைக் குறைக்கும் வாய்ப்பும் கழிந்துவிடுகிறது.

இனி, கணக்கில் எழுதப்படாத ஒரு குறைப்பைக் காண்போம். நம் நாட்டைப் போலவே அரிசியை நம்பி வாழும் இந்தோனேசியாவில் 1997-98-இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. நாணய மதிப்பு வீழ்ந்தது. விலைவாசி விண்ணை முட்டியது. குடும்பங்கள் துணிமணி போன்றவற்றின் செலவைக் குறைத்து உணவைக் காக்க முயன்றன. பொன் வைத்திருந்த சிற்றூர்க் குடும்பங்கள் அதை விற்றுச் சமாளித்தன. நடுச் சாவகத்தில் ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். நெருக்கடியிலும் குழந்தைகளின் எடை குறையவில்லை. அப்படியானால் தீங்கே இல்லையா? தாய்மாரை எடுத்து நிறுத்திப் பார்த்தபோது விடை கிடைத்தது. அவர்கள் மெலிந்திருந்தனர். தம் பங்கைக் குழந்தைகளுக்கு வைத்திருந்தனர். அதுமட்டுமன்று. சோறு குறையாதபடி முட்டையையும் கீரையையும் வீடுகள் குறைத்துவிட்டதால், எடை குறையாத குழந்தைகளுக்கும் இரத்தச் சோகை மிகுந்திருந்தது. வயிறு நிறைந்தது, இரத்தம் குறைந்தது.

இதை நம் மரச்சீனியோடு பொருத்திப் பாருங்கள். மரச்சீனி பசியை ஆற்றும். ஆனால் அதில் மாவுப் பொருளே மிகுதி, புரதம் மிகக் குறைவு. அதனுடன் மீன்குழம்பு சேரும்போதுதான் அது உணவாகிறது. மந்தக் காலத்தில் முதலில் மறைவது அந்த மீன்குழம்புதான். தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து வீடு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது எவ்வளவு பிழை! "நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குப் பசியில்லை" என்று அம்மா சொல்வதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத செலவுக் குறைப்பு.

ஆகவே குறைப்பை இருவகையாகப் பிரித்தல் தகும். ஒன்று மீளக்கூடியது, மற்றொன்று மீளாதது. வாங்காமல் விட்ட புடவையை அடுத்த ஆண்டு வாங்கலாம். போகாமல் விட்ட பயணத்தைப் பின்னர் போகலாம். ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை மூன்று மாதம் நிறுத்திய பாட்டிக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், பின்னால் வரும் பணம் எதை மீட்கும்? ஒன்பதாம் வகுப்பில் பள்ளியைவிட்டு வேலைக்குச் சென்ற பையன் திரும்பி வருவது அரிது. தையற்காரர் எந்திரத்தை விற்றுவிட்டால் நல்ல காலம் வரும்போது அதை எட்டிப் பிடிக்கக் கையில் கருவி இருக்காது. சிக்கனம் என்றால் எல்லாவற்றிலும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரேயளவாக வெட்டுவதன்று. மீளக்கூடியதை விரைந்து குறைத்து, மீளாததைத் தொடாமல் காப்பதே சிக்கனம்.

ஆயின், எல்லாக் குடும்பமும் சிக்கனமாக இருந்துவிட்டால் மந்தம் தீர்ந்துவிடுமா? இங்கேதான் பொருளியல் நமக்கு ஒரு புதிரை வைக்கிறது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது ஒரு வீட்டுக்கு நல்ல அறிவுரை. ஊருக்கு? ஒரு வீட்டின் செலவு மற்றொரு வீட்டின் வரவு. சாலைத் தெருவில் ஒருத்தி புடவை வாங்காமல் போகிறாள். துணிக்கடைக்காரர் விற்பனைப் பெண்ணை நிறுத்துகிறார். அப்பெண் பூக்காரியிடம் பூ வாங்குவதை விடுகிறாள். பூக்காரி மகனின் சைக்கிளைப் பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறாள். ஒவ்வொருவரும் அறிவோடுதான் நடந்துகொண்டனர். எல்லாருடைய அறிவும் சேர்ந்து எல்லாருடைய வரவையும் குறைத்தது. இச்சிக்கன முரண்பாட்டை 1936-இல் கெயின்ஸ் தம் நூலில் விளக்கி, தனி மனிதர் செலவைச் சுருக்கும் வேளையில் அரசு செலவிட முன்வர வேண்டும் என்று வாதிட்டார்.

2020-இல் கேரளத்தில் ரேஷன் கடைகளின் வழியே மளிகைப் பொருள் பைகள் இலவசமாக வழங்கப்பட்டதையும், பள்ளிகள் மூடியிருந்தபோது மதிய உணவுக்கு உரிய மாணவர்க்கு அதற்கீடாகப் பொருள்கள் தரப்பட்டதையும் இந்நோக்கில் காண வேண்டும். அவை இரக்கத்தால் இட்ட பிச்சை அல்ல. வீடு ஐந்தாம் படிக்கு இறங்காமல் தடுத்த கைப்பிடிகள் அவை. பருப்பும் பயறும் வந்த வீட்டில் மிஞ்சிய பணம் மருந்துக் கடைக்குச் சென்றது. அல்லது பற்றுக் கணக்கில் கட்டப்பட்டது. அப்பணம் தெருவுக்கே திரும்பிற்று.

இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. மந்தக் காலத்தில் எல்லார் வரவும் குறைவதில்லை. மாதச் சம்பளம் தவறாத வீடுகளும் உண்டு. அவர்கள் அச்சத்தால் கையை இறுக்கிக்கொள்ளுதல் சிக்கனம் ஆகாது. வீட்டு வேலை செய்பவரின் கூலியைக் குறைக்காமலிருத்தல், தையற்காரரிடம் கொடுக்க வேண்டியதை இம்மாதமே கொடுத்தல், பூக்காரியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாமலிருத்தல் ஆகியவை அவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய நன்மைகள்.

நண்பர்களே! இறுதியாக நம்மைப் பற்றி ஒரு சொல். நம்மிற் பலர் வீட்டிலிருந்து வரும் பணத்தில் படிக்கிறோம். வீடு எந்தச் செலவைக் கடைசிவரை காக்கும் என்று கேட்டோம். பல வீடுகளில் அது நம் விடுதிக் கட்டணம்தான். நமக்கு வரும் தொகை குறையவில்லை என்பதால் வீட்டிலும் குறைவில்லை என்று எண்ணிவிடலாகாது. நமக்கு வரும் தொகை குறையாமலிருக்க அங்கே என்ன குறைந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கல்வி உதவித்தொகைக்கும் கட்டணச் சலுகைக்கும் உரிய விண்ணப்பத்தைக் காலத்தில் கொடுத்தல். விலை மிகுந்த பாடநூலை நால்வர் சேர்ந்து வாங்குதல். தேர்வு முடித்தவர்களின் நூல்களைச் சங்கத்தில் வாங்கி வைத்து அடுத்த ஆண்டினருக்குக் கொடுத்தல். இவை சிறியனவே. ஆயினும் ஒரு வீட்டில் ஒரு மாதத்து முட்டையோ மாத்திரையோ நின்றுவிடாமல் காக்க இவை போதும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சாலைத் தெருவில் ஏதேனும் வாங்கிக்கொண்டு போவோம். வீட்டில் எல்லாரும் உண்ணும்போது, பிறகு உண்கிறேன் என்று அடுக்களையில் நிற்கும் அம்மாவையும் அழைத்து உடன் உட்கார வைப்போம். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டின் உண்மையான வரவு செலவுக் கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.